தலையைத் தூக்கும் குதிரைக்கு வார் பூட்டும் முன்

"அண்ணாச்சி, குதிர தலையத் தூக்கிட்டே ஓடுது. மார்ட்டிங்கேல் போட்டா அடங்கிருமா?"

திருநெல்வேலிப் பக்கம் குதிரை கட்டியிருப்பவர்கள் இருவர் சந்தித்தால் தலை உயராமல் பிடிக்கும் மார்ட்டிங்கேல் வாரைப் பற்றிய இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கோயில் கொடையையொட்டிச் சாலையில் நடக்கும் வண்டிப் பந்தயத்துக்காகக் குதிரை வளர்ப்பவர்கள் இங்கே நெடுநாளாக இருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. இப்போது ஏறிப் பழகும் ஆசையில் ஒரு மார்வாரி இனக் குதிரையையோ, பந்தயத் திடலிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட தரோபிரெட் இனத்தையோ வாங்கிவந்து தோப்பில் கட்டுபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். சேணமும் கடிவாளமும் பெரும்பாலும் கான்பூரிலிருந்து வருகின்றன. கைபேசியில் பணம் கட்டினால் போதும், மார்ட்டிங்கேலும் மூக்குப்பட்டையும் பெட்டியில் வந்து இறங்கிவிடும். அதை எந்தத் துளையில் மாட்ட வேண்டும், எவ்வளவு தளர்த்த வேண்டும், இந்தக் குதிரைக்கு அது தேவைதானா என்று சொல்ல ஆள் வருவதில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கருகே இருந்த காயல் துறைமுகத்தில் ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அன்றைய பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், அவற்றைப் பேணத் தெரிந்த ஆட்கள் இல்லாததால் பெரும்பாலானவை சீக்கிரமே இறந்துபோனதையும் குறித்திருக்கிறார். குதிரை வந்தது, குதிரையைப் பற்றிய அறிவு அதோடு கப்பலேறவில்லை. வார் விஷயத்திலும் அதுவே நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

மார்ட்டிங்கேல் என்பது குதிரையின் வயிற்று வாரிலிருந்து கிளம்பி, முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, கழுத்தைச் சுற்றிய ஒரு பட்டையில் நுழைந்து, மூக்குப்பட்டைக்கோ லகானுக்கோ போகும் வார். தலை ஓர் அளவுக்கு மேல் உயராமல் தடுப்பது அதன் வேலை. மூக்குப்பட்டை என்பது கடிவாளத்தில் மூக்கைச் சுற்றி வரும் பட்டை. சிலவகைப் பட்டைகள் அழகுக்காக, சில மார்ட்டிங்கேலை மாட்டுவதற்காக, சில குதிரை வாயை அகலத் திறக்காமலிருப்பதற்காக. இரண்டுமே குதிரை எதையோ செய்யாமல் தடுக்கும் பொருள்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது, குதிரை ஏன் அதைச் செய்கிறது என்பதுதான்.

தலை ஏன் மேலே போகிறது

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த ஈறு மெல்லியது, அதன் கீழே உடனே எலும்பு. லகானை வெடுக்கென்று இழுத்தால் அழுத்தம் நேராக அந்த எலும்பில் இறங்கும். குதிரை தலையைத் தூக்கி மூக்கை நீட்டியவுடன் இரும்பு அந்த இடத்தைவிட்டு நழுவி உதட்டோரத்துக்கு வந்துவிடும், வலி குறையும். நாம் அடங்காமை என்று சொல்வது பல நேரம் வலியிலிருந்து அது கண்டுபிடித்த வழி.

அந்த வலிக்கு முதல் காரணம் பற்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அரைத்து அரைத்துத் தின்னும்போது மேல்பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பும் தேயாமல் கத்திபோலக் கூராகிவிடும். மேல் விளிம்பு கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும், கீழ் விளிம்பு நாக்கைக் கிழிக்கும். நாள் முழுக்கப் புல் மேயும் குதிரைக்குத் தாடை நன்றாக அசைந்து பல் ஓரளவு சீராகத் தேயும். கட்டுத்தறியிலேயே நின்று தவிடும் கொள்ளும் தின்னும் குதிரைக்கு அந்த வாய்ப்பு குறைவு. பாதி மென்ற வைக்கோலைத் துப்புவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, சாணத்தில் முழுக் கொள்ளு கிடப்பது எல்லாம் பல்லைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். சில குதிரைகளுக்கு முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஓர் ஓநாய்ப் பல் முளைத்திருக்கும். இரும்பு அதில் தட்டும்போதெல்லாம் தலை தூக்கும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்ட்டிங்கேல் வாங்குவதற்கு முன்பாக அங்கேயோ குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடமோ வாயைத் திறந்து காட்டிவிடுவதே முறை. பல் அராவ வேண்டுமென்றால் அதையும் பழகியவர்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் அந்த இரும்பே. முள் வைத்த கடிவாளம் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இழுத்தவுடன் முள் உதட்டோரத்தில் குத்தும், குதிரை தலையை வீசும். வீசுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். முள்ளோ கூர்முனையோ புடைப்போ உள்ள கடிவாளத்தையும் சேணப் பொருள்களையும் 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. முள் கடிவாளத்தோடு மார்ட்டிங்கேலையும் பூட்டுவது, குத்துகிற பொருளிலிருந்து தப்பிக்கும் ஒரே வழியையும் அடைப்பது. இதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது. முதலில் அந்த இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு வழவழப்பான, குதிரையின் வாய் அகலத்துக்குச் சரியான ஸ்னாஃபிள் என்கிற எளிய கடிவாள இரும்பு ஒன்றைப் போடுங்கள். பாதிக் குதிரைகளுக்கு மேற்கொண்டு பேச வேண்டியே இருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்து சேணம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டை இரண்டு பக்கமும் நெருக்கும் சேணம், முதுகெலும்பில் நேரடியாக உட்காரும் சேணம், மடிந்துபோன விரிப்பு, இவை எல்லாவற்றுக்கும் குதிரை ஒரே பதிலைத்தான் தரும்: முதுகைக் குழித்து, தலையைத் தூக்கும். பிறகு ஏறுபவரின் கை. அங்கவடியில் கால் நிலைக்காமல் லகானைப் பிடித்துத் தன்னைத் தாங்கிக்கொள்கிற புதியவர் ஒவ்வொரு எட்டுக்கும் குதிரையின் வாயைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அதற்கு மருந்து ஏறுபவருக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் ஊர் வெயிலை முன்னிட்டு. சில குதிரைகள் வெயிலில் மட்டும், திடீரென்று மேலும் கீழுமாகத் தலையை உதறும், தும்மும், மூக்கை முன்னங்காலில் தேய்க்கும். முகத்து நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுவதால் வரும் நோய் அது, வெளிச்சமும் ஒரு தூண்டுகோல். உதறல் நிழலில் நின்றுபோய் வெயிலில் திரும்பி வந்தால் அந்த நோயோ என்று சந்தேகப்படுங்கள். அதற்கு வார் கட்டினால் கொடுமை கூடும், நோய் அப்படியே இருக்கும். ஈத்தொல்லையும் இப்படி உதற வைக்கும், அதற்கு முகத்தில் தொங்கும் ஈவலை போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பரபரப்பில் தலையை வீசி ஏறுபவரின் முகத்தில் இடிக்கிற குதிரைகள் உண்டு. இளங்குதிரைகள், பந்தயத்தில் தலையை நீட்டி ஓடிப் பழகியவை, பழைய முரட்டுக் கையால் பயந்துபோனவை. மார்ட்டிங்கேல் இவற்றுக்காகத்தான்.

ஓடும் மார்ட்டிங்கேலும் நிற்கும் மார்ட்டிங்கேலும்

ரன்னிங் மார்ட்டிங்கேலில் வார் கழுத்துப் பட்டைக்கு மேல் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வளையம், அதற்குள் லகான் ஓடும். தலை உயரும்போது வளையம் லகானைக் கீழே பிடிக்க, அழுத்தம் வாய்க்குள் போகும். ஆகவே இதன் நன்மையும் தீமையும் லகான் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. தலை இறங்கியவுடன் தளர்த்தத் தெரிந்த கைக்கு இது நல்ல துணை. தொங்கிக்கொண்டிருக்கிற கைக்கு இதைக் கொடுத்தால் அந்தக் கையின் கனம் முழுவதும் ஈறில் இறங்கும்.

இதைப் பொருத்துவதற்குப் பல கணக்குகள் சொல்வார்கள். வயிற்று வாரில் மாட்டிவிட்டு இரண்டு வளையங்களையும் தோள் வழியாக மேலே இழுத்தால் தோள்மேட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும் என்பது ஒன்று. வளையத்தைத் தொண்டைப் பக்கம் தூக்கினால் தாடைக்கடி வரை எட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் தொடங்குவதற்கு மட்டுமே. முடிவான சோதனை ஏறி உட்கார்ந்த பிறகுதான். குதிரை இயல்பான உயரத்தில் தலையை வைத்திருக்கும்போது கீழே நிற்கும் ஒருவர் பக்கவாட்டில் பார்க்கட்டும்: கையிலிருந்து வாய்வரை லகான் நேர்கோடாக இருக்க வேண்டும். வளையம் இருக்கும் இடத்தில் லகான் கீழ்நோக்கி மடிந்திருந்தால் வார் குட்டை, ஒரு துளை விடுங்கள், மறுபடி பாருங்கள். சரியாகப் பூட்டிய மார்ட்டிங்கேல் சாதாரண நேரத்தில் எந்த வேலையும் செய்யாமல் தளர்ந்திருக்கும்.

விட்டுவிடக் கூடாத ஒரு சின்னப் பொருள் லகான் தடுப்பு. இரும்பிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி லகானில் மாட்டும் ரப்பர் அல்லது தோல் துண்டு அது. அது இல்லாவிட்டால் வளையம் முன்னால் நழுவி லகானின் பக்கிளிலோ இரும்பின் ஓரத்திலோ சிக்கிக்கொள்ளும். தலை கட்டுண்ட குதிரை திகிலடைந்து பின்காலில் எழும்பும், மல்லாந்து விழவும் செய்யும். மலிவுப் பெட்டிகளில் இந்தத் தடுப்பு பல நேரம் இருப்பதில்லை. தனியே வாங்கிப் போடாமல் ஏறாதீர்கள். வளையம் தடுப்பைத் தாண்டிப் போகாத அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்துப் பட்டையும் வாரும் சந்திக்கும் இடத்தில் மார்புக்கு முன் ஒரு ரப்பர் வளையமும் வேண்டும். அது இல்லாவிட்டால் கீழ் வார் தொங்கி, குதிரை குனியும்போது முன்னங்கால் அதற்குள் நுழைந்துவிடும். கழுத்துப் பட்டைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு சோடி லகான் போடுபவர்கள் வளையத்தை ஸ்னாஃபிள் லகானில் மட்டுமே கோக்க வேண்டும்.

ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் வேறு வகை. பிரியாத ஒரே வார் நேராக மூக்குப்பட்டையின் பின்பக்கத்தில் மாட்டும். அழுத்தம் வாயில் இல்லை, மூக்கெலும்பில். கை எப்படி இருந்தாலும் இதன் வேலை மாறாது என்பதால் போலோ ஆட்டத்தில் இதுதான் வழக்கம்: ஒற்றைக் கையில் லகான், மறுகையில் மட்டை, திடீர் திடீரென்று நிறுத்தித் திரும்ப வேண்டும், அந்தக் கையின் கோளாறு வாய்க்குப் போகாமலாவது இருக்கும். குதிரை நின்றபடி தலையை இயல்பாக வைத்திருக்க, வாரை மேலே தள்ளினால் தொண்டைக்கடியைத் தொட வேண்டும். அதைவிடக் குட்டையாகக் கட்டினால் குதிரை அதன்மேல் சாய்ந்து கழுத்தின் அடிப்பக்கத் தசையைத்தான் வளர்க்கும், கழற்றிய அன்று தலை முன்னைவிட உயரப் போகும்.

இதை மாட்ட வேண்டியது கவெசன் என்கிற சாதாரண மூக்குப்பட்டையில் மட்டும். மூக்கின் கீழ்ப்பகுதியில் வரும் டிராப் பட்டையிலோ கடிவாள இரும்பிலோ மாட்டவே கூடாது. மூக்கெலும்பின் நுனி மெல்லியது, கீழே தாங்கல் இல்லாதது. வீசும் தலையின் வேகம் அங்கே இறங்கினால் எலும்பு உடையும்.

தாமிரபரணிக் கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஆற்றிலோ குளத்திலோ குதிரையைக் குளிப்பாட்ட இறக்கும்போது ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேலைக் கழற்றிவிடுங்கள். நீந்தும் குதிரை மூக்கை நீருக்கு மேலே நீட்டித்தான் மூச்சு விடும். தலை கட்டியிருந்தால் ஆழம் வந்தவுடன் மூழ்கும். ரன்னிங் வகையும் வேண்டாம், லகான் பிடித்திருக்கும்வரை அதுவும் தலையைக் கீழே இழுக்கும். குட்டியானை வண்டியில் ஏற்றும்போதும், கடிவாளத்தோடு மேய விடும்போதும் அப்படியே. தாண்டும் குதிரைக்கும் கழுத்தை நீட்ட இடம் வேண்டும். சர்வதேசக் குதிரைத் தாண்டல் போட்டிகளில் ரன்னிங் வகைக்கு அனுமதி உண்டு, ஸ்டாண்டிங் வகைக்கு இல்லை. டிரெஸ்ஸாஜ் என்கிற நடைப்பயிற்சிப் போட்டியில் எந்த மார்ட்டிங்கேலும் கூடாது. ஐரிஷ் மார்ட்டிங்கேல் என்று பந்தயத்தில் போடுவது இரண்டு வளையம் கொண்ட குட்டித் துண்டு மட்டுமே. தலையைத் தடுக்காது, விழும்போது லகான் இரண்டும் ஒரே பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மூக்குப்பட்டை: இறுக்கத்தின் ஆசை

குதிரை வாயால் மூச்சு விட முடியாத விலங்கு. முழு மூச்சும் மூக்கு வழியாகத்தான். மூக்குப்பட்டையைப் பற்றிப் பேசும்போது இதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது.

கவெசன் பட்டை கன்னத்தில் தொட்டால் தெரியும் எலும்பு விளிம்பின் முனைக்கு ஒன்றிரண்டு விரல் கீழே உட்கார வேண்டும். விளிம்பின் மேலேயே உட்கார்ந்தால் தோல் தேய்ந்து புண்ணாகும். டிராப் பட்டையின் முன்பகுதி எலும்பின் மேலேயே, மூக்குத் துவாரத்துக்கு நான்கு விரல் மேலே இருக்க வேண்டும். அதன் பின்பகுதி இரும்புக்குக் கீழே முகவாய்ப் பள்ளத்தில் வரும். அது கீழே இறங்கினால் எலும்பு முடிந்து சதை வந்துவிடும், மூச்சு திணறும். ஃபிளாஷ் என்பது கவெசனில் தொங்கும் ஒரு மெல்லிய துணைவார், இரும்புக்குக் கீழே சுற்றுவது. அதை இழுக்கும்போது மேல்பட்டை கீழே வளைந்தால் ஏதோ தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராக்கிள் பட்டை எட்டுப் போட்டதுபோல மூக்கின் மேல் குறுக்கிடும். 1931-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்ற கிராக்கிள் என்ற குதிரையின் பெயர்தான் அதற்கு. குறுக்கிடும் புள்ளி மேலே எலும்பில் இருப்பதால் மூக்கு விரிய இடம் கிடைக்கும், வேகமாக ஓடும் குதிரைக்கு அதனால் ஏற்றது. கிராங்க் பட்டை வேறு ரகம். வார் ஒரு வளையத்தில் நுழைந்து திரும்பி வருவதால் சின்னக் கையும் பெரும் இறுக்கம் கொடுத்துவிடலாம். உள்ளே மெத்தை வைத்திருக்கிறார்களே என்று ஏமாற வேண்டாம், மெத்தை இறுக்கத்தைக் குறைக்காது, கண்ணிலிருந்து மறைக்கும். நம் பக்கத்துக் குதிரை எதற்கும் கிராங்க் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

எவ்வளவு தளர்வு? இரண்டு விரல் என்பது பழைய விதி. ஆனால் எங்கே விரலை நுழைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. கன்னத்துப் பக்கம் சதை அமுங்கும், அங்கே எவ்வளவு இறுக்கமானாலும் விரல் போய்விடும். மூக்கின் முன்புறம், நடு எலும்பின் மேல், பெரியவர் ஒருவரின் இரண்டு விரல் பக்கம் பக்கமாக நோகாமல் நுழைய வேண்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் போட்டிகளுக்கு வந்த 750 குதிரைகளின் மூக்குப்பட்டைகளை அளந்தார்கள். 44 விழுக்காட்டில் அளவுகோலின் நுனியைக்கூட நுழைக்க முடியவில்லை. இரண்டு விரல் இடம் இருந்தவை 7 விழுக்காடு. அவை நம் ஊர்க் குதிரைகள் அல்ல, பயிற்சியாளரும் மருத்துவரும் உள்ள வெளிநாட்டுப் போட்டிக் குதிரைகள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் இதற்கென்றே ஓர் அளவுக் கருவியைப் போட்டிகளில் கொண்டுவந்தது.

இறுக்கினால் என்ன ஆகும்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பட்டை முழுதாக இறுகியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு ஏறியது, மெல்லுவதும் விழுங்குவதும் குறைந்துபோயின, கழற்றியபின் கொட்டாவியும் விழுங்குதலும் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. பல்லைப் பற்றி முன்னே சொன்னது இங்கே வந்து சேர்கிறது. இறுகிய பட்டை கன்னத்தை மேல்பல்லின் கூர்விளிம்பில் அழுத்தி வைக்கிறது. ஓடும் ஒவ்வொரு எட்டிலும் உள்ளே அறுபடும். வாய் மூடியிருப்பதால் வெளியே பார்க்க அடக்கமான குதிரை. வலி அங்கேயே இருக்கிறது, அதைச் சொல்லும் வழியைத்தான் நாம் அடைத்திருக்கிறோம்.

இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு ரசனையும் இருக்கிறது. திருவிழாவில் குதிரை வாகனத்தைப் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. வளைந்த கழுத்தும் மார்பை நோக்கிய முகமும் நமக்கு அழகு. ஊர்வலக் குதிரையை அப்படிக் கட்டிக் காட்டினால்தான் வாடகை படியும் என்று நினைக்கிறார்கள். முதுகு பலப்பட்டு, பின்கால் நன்றாக உள்ளே வந்து, தானாக வளையும் கழுத்து வேறு. வாரால் மடக்கிய கழுத்து வேறு. மடக்கிய குதிரையின் கண்ணையும், விரிந்த மூக்கையும், ஓயாமல் சுழலும் வாலையும் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நம் குதிரைக்கு நம் அளவு

விற்பனைக்கு வரும் பட்டைகளில் போனி, காப், ஃபுல் என்று மூன்று அளவு இருக்கும். ஐரோப்பியத் தலைக்கு வெட்டியவை. மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் முகம் ஒடுக்கம். நாட்டு மட்டக்குதிரைக்கு நெற்றி அகலமாக, மூக்கு சிறுத்திருக்கும். 'ஃபுல்' வாங்கினால் பட்டை கீழே தொங்கி மூச்சை மறிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு தையல் நாடாவால் உச்சந்தலை வழியாக வாய் ஓரத்திலிருந்து மறு வாய் ஓரம்வரை ஓர் அளவு, மூக்கைச் சுற்றி ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் துளை வேண்டுமென்றால் தோல் தைக்கிறவரிடம் கொடுத்துத் துளைக்கருவியால் போடச் சொல்லுங்கள். காய்ச்சிய ஆணியால் குத்திய துளை கருகி, இழுபடும்போது அங்கேயே அறும். நைலான் கயிறும் சங்கிலியும் மூக்குப்பட்டையாக வேண்டவே வேண்டாம். இரண்டு விரல் அகலமாவது இருக்கும் தோலே நல்லது.

சித்திரை வெயிலில் வேர்வை உப்பு தோலில் ஊறி வெடிப்பு விழும், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். ஏறி இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள். வயிற்று வார் நுழைந்து போகும் மார்ட்டிங்கேலின் அடிநுனிக் காது படும் இடத்தை, முன்னங்கால்களுக்கு நடுவே, தினமும் தடவிப் பாருங்கள். வேர்க்கும் மாதங்களில் முதலில் புண் வருவது அங்கேதான்.

மார்ட்டிங்கேல் பூட்டிய குதிரையை மாதம் ஒரு முறையாவது ஒரு துளை தளர்த்தி, அமைதியான இடத்தில் ஏறிப் பாருங்கள். தலை நிலைத்தால் அந்தத் துளையிலேயே விடுங்கள். பிறகு இன்னொன்று. பல குதிரைகளுக்கு ஒரு கட்டத்தில் வாரைக் கழற்றி, கழுத்துப் பட்டையை மட்டும் விட்டுவைக்கலாம். அந்தப் பட்டை புதிதாக ஏறிப் பழகும் பிள்ளைகளுக்கு நல்லது. தடுமாறும்போது லகானைப் பிடித்துத் தொங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். குதிரையின் வாய்க்கு ஒன்றும் ஆகாது, பிள்ளையும் விழாது.